கிழங்குக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய வருஷம்

எங்கள் ஊரில் டிசம்பர் மாதம் ஒருவர் தோட்டத்துக்குப் போகிறேன் என்றால், சேற்றைப் பார்த்துவிட்டு வரப் போகிறார் என்று அர்த்தம். ரயில் பாதைக்குக் கீழே, நகராட்சி ஆளுக்கொரு துண்டாகக் குத்தகைக்கு விட்டிருக்கும் காய்கறி நிலம். கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவிழா மாதிரி இருக்கும். குளிர் வந்ததும் பாதிப் பேருக்கு முதுகுவலி, மீதிப் பேருக்குப் பேரப்பிள்ளைகள். மிஞ்சுவது நாங்கள் மூன்று பேர்: நான், ராயிஸ்டன், ஹெட்லி. எங்களுக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிடச் சேற்றில் நிற்பது தேவலை.

பெரிய வேலை ஒன்றும் கிடையாது. மண்ணோடு உறைந்துபோன லீக்ஸ் வெங்காயத்தாளை நெம்பி எடுக்க வேண்டும். புறாக்கள் தின்றது போக முட்டைக்கோஸில் என்ன மிச்சம் என்று பார்க்க வேண்டும். காற்று பிய்த்த வலையைத் திரும்பக் கட்ட வேண்டும், மறுநாள் காற்று அதை மறுபடி பிய்ப்பதற்காக. பிறகு ராயிஸ்டனின் கொட்டகையில் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி நின்று தேநீர் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவோம். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு இருட்டிவிடும்.

அன்று நான் லீக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஹெட்லி தள்ளுவண்டியில் அந்தப் புகைபோக்கிக் குழாயைத் தள்ளிக்கொண்டு வந்தான். இடித்துப்போட்ட ஏதோ வீட்டின் கூரையிலிருந்து வந்த பழைய சுட்டமண் குழாய், என் இடுப்பு உயரம் இருக்கும். அதை எதற்கு எடுத்து வருகிறான் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்டுக்காக வளர்க்கும் ரூபார்ப் செடியின் கிழங்கின் மேல் வைத்து மூடத்தான். தானாக வளரவிட்டால் ரூபார்ப் ஏப்ரலில் பச்சையும் புளிப்புமாகத் தண்டு விடும். குளிர்காலத்திலேயே மூடி இருட்டில் வைத்தால், வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு பிப்ரவரியிலேயே இளஞ்சிவப்புத் தண்டுகள் வரும். சர்க்கரை போட்டு வேகவைத்தால் வாயில் கரையும். ஆனால் அதற்காகக் கிழங்கு தன்னிடம் இருப்பதையெல்லாம் செலவழித்துவிடும். அதனால் ஒரு வருஷம் மூடினால் அடுத்த வருஷம் தொடக்கூடாது. பூட்டை உடைத்து மண்வெட்டி திருடியவனைக்கூட நாங்கள் மன்னித்திருக்கிறோம். தொடர்ந்து இரண்டு வருஷம் ஒரே கிழங்கை மூடியவனை எங்கள் தோட்டத்தில் யாரும் மதித்ததில்லை.

"ஹெட்லி, என்ன பண்றே?"

"கண்ணு தெரியலையா பெரில்? மூடப் போறேன்."

"போன வருஷம்தானே மூடினே?"

"ஆமா."

"கிழட்டுக் கழுதை, இது அதுக்கு ஓய்வு வருஷம். செத்துப்போயிடும்."

"செத்தா சாகட்டும்," என்று குழாயை இறக்கினான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான். "போன மாசமே மூடத்தான் வந்தேன். ஓய்வு வருஷமாச்சேன்னு மனசு கேக்கலை, திரும்பிப் போயிட்டேன். இப்ப அவ தேநீர்கூடக் குடிக்க மாட்டேங்கறா."

அவ என்றால் நோரீன், அவன் மனைவி. போன குளிர்காலத்தில் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து அவள் நாக்கைக் கெடுத்துவிட்டது. ரொட்டி, சூப், முட்டை எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த இரும்பு மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிடுவாள். எலும்பும் தோலுமாகிப்போனாள். அப்போது ஹெட்லி இந்தக் கிழங்கை மூடி, முதல் தண்டுகளைப் பறித்து, வேகவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். நோரீன் முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டாள். மறுநாளும் சாப்பிட்டாள். பிறகு மெல்ல மெல்ல மற்றதும் இறங்க ஆரம்பித்தது. கோடையில் இங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் பீன்ஸ் கொடிகளைப் பார்த்து, "பெரில், அது ஏறுதா, இல்ல தூக்கு மாட்டிக்கிச்சா?" என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். அவளைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரி என்று ஊர் சொல்லும். ஹெட்லியைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரி சும்மா பக்கத்தில் நின்றது.

இலையுதிர்காலத்தில் நோய் திரும்பி வந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மாடியிலிருந்த கட்டிலை இறக்கி முன்னறையில் ஜன்னலோரம் போட்டார்கள். அதற்கு அர்த்தம் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

கிழங்கு சாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஜனவரியில் சந்தைக்குப் போய் ஒரு கட்டு ரூபார்ப் வாங்கி வந்தேன். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பெரிய இருட்டுக் கொட்டகைகளில் அடுப்பு வைத்து வளர்த்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பறிக்கிற ஊர் இது. நானே வேகவைத்து, மேலே கஸ்டர்ட் ஊற்றி எடுத்துப்போனேன். நோரீன் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறமா சாப்பிடறேன் பெரில்," என்றாள்.

ஹெட்லிக்கு அதில் சந்தோஷம். என்னை வாசல்வரை கொண்டுவிட வந்தவன், "பார்த்தியா?" என்றான். "அடுப்புச் சூட்டுல அவசரமா வளர்த்தது. அதெல்லாம் அவளுக்கு இறங்காது. நம்ம கிழங்குதான் அவளுக்கு."

கோளாறு ரூபார்பில் இல்லை, அவள் தொண்டையில் என்று அவனிடம் யார் சொல்வது?

தினமும் வந்தான். பனி கொட்டினாலும், மழை சாய்ந்து அடித்தாலும் வந்துவிடுவான். குழாயின் தலையில் மூடியாக வைத்திருந்த கற்பலகையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பான். "தூக்காதேடா, வெளிச்சமும் குளிரும் உள்ளே போகுது," என்று நான் கத்துவேன். "ஒரு நிமிஷம்தான்," என்பான். நாற்பது வருஷம் பேருந்து ஓட்டியவன், வழியில் ஒரு நிறுத்தத்தைக்கூட அவசரப்பட்டுத் தாண்டியதில்லை என்று பெயர் வாங்கியவன், அந்தக் குழாய் முன்னால் குழந்தை மாதிரி துடித்தான். உள்ளே வைக்கோலும் இருட்டும்தான் இருந்தன. என் துண்டு நிலத்திலிருந்து பார்த்தால் அவன் முதுகு மட்டும் தெரியும். பலகையை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தே நிற்பான். அதைப் பார்ப்பதற்குப் பயந்துகொண்டு நான் லீக்ஸ் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவன் தோட்டத்துக்கு வரும் நேரங்களில் சில நாள் நான் போய் நோரீனுக்குத் துணையாக உட்காருவேன். ஒரு நாள் மழை. அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"பெரில், ஒண்ணு சொல்றேன். அவன் காதுக்குப் போகக்கூடாது."

"சொல்லு."

"போன வருஷம் அந்த ரூபார்ப். அதுவும் துருதான்."

எனக்குப் புரியவில்லை. "என்ன துரு?"

"மத்ததெல்லாம் எப்படி இருந்துச்சோ அப்படியேதான் அதுவும் இருந்துச்சு. ஒரு ருசியும் தெரியலை. அவன் கையெல்லாம் வெடிச்சு, மூக்கு ஒழுக, கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். என் வாயையே பார்க்கறான். நல்லா இருக்குன்னு சொல்லித் தொலைச்சேன். சொன்னா மறுநாளும் கொண்டுவரான். முழுங்கித்தானே ஆகணும்?"

"அடிப்பாவி."

"நீ அவன் மூஞ்சியைப் பார்த்திருந்தா நீயும் முழுங்கியிருப்பே." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. தண்ணீரில் நனைத்த பஞ்சால் அவள் உதட்டைத் துடைத்தேன்.

"அப்ப அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடேன். கிழங்காவது பிழைக்கும்."

"சொல்லி? தன் கையால என்னைக் காப்பாத்தினேன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். அந்த ஒரு வருஷம்தான் அவன்கிட்ட மிச்சம் இருக்கப் போகுது. அதையும் பிடுங்கணுமா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஆனா அந்தக் கிழங்கு சாகக்கூடாது பெரில். கல்யாணமான வருஷம் வெச்சது. லீக்ஸெல்லாம் வருஷத்தோட போயிடும். அது போகாது. நான் போனப்புறம் காலையில எழுந்திரிச்சுப் போய்ப் பார்க்க அவனுக்கு ஒண்ணு வேணும். எப்படியாவது அந்தக் குழாயை எடுக்க வை."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்தவர் துண்டில் கை வைப்பது எங்களிடம் நடக்காத காரியம். வேலியைத் தாண்டி விழுந்த ஆப்பிளைக்கூட உரியவனைக் கேட்டுவிட்டுத்தான் எடுப்போம். அதனால் அவனிடமே நேராகப் போனேன்.

"ஹெட்லி, நோரீனே எடுக்கச் சொல்றா. கிழங்கு செத்துடும்னு கவலைப்படறா."

"அவ அப்படித்தான் சொல்லுவா. கிழங்கு போனா நான் வருத்தப்படுவேன்னு பார்க்கறா." பலகையை ஒழுங்காக நகர்த்தி வைத்தான். "நீ இதுல மூக்கை நுழைக்காதே பெரில். அவ சாப்பிட்ட ஒரே பொருள் இதுதான். நீயே பார்த்தே இல்ல?"

பார்த்தேன்தான். ஒரு சொல் பேசினால் போதும், அந்தக் குழாய் அந்த நிமிஷமே வெளியே வந்துவிடும். அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு தண்டு வராமலே போனால் நல்லது என்று நினைக்க ஆரம்பித்தேன். வராதவரை ஹெட்லிக்கு நாளை என்று ஒன்று இருக்கும். வந்துவிட்டால் பறிக்க வேண்டும், வேகவைக்க வேண்டும், அந்தக் கரண்டியை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். தண்ணீரையே பஞ்சால் தொட்டு வைக்கிறோம். நான் மட்டும் அந்தக் கிழங்கு உறங்கட்டும், உறங்கட்டும் என்று உறைபனியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கெடுத்தது ராயிஸ்டன். தோட்டக் குழுவுக்கு அவன்தான் செயலாளர். நல்ல மனசு, ஆனால் மூளை எப்போதும் விடுமுறையில் இருக்கும். ஒரு நாள் நான் போய்ப் பார்த்தால், ஹெட்லியின் குழாயைச் சுற்றிக் கழுத்துவரை குதிரைச் சாணம் குவித்திருக்கிறது. லாயத்திலிருந்து அன்று காலை வந்தது, ஆவி பறக்கிறது. அந்தச் சூடு போதும், தூங்குகிற கிழங்கை உலுக்கி எழுப்பிவிடும். ராயிஸ்டன் மண்வெட்டியில் சாய்ந்து பெருமையாக நின்றுகொண்டிருந்தான்.

"ஹெட்லிகிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன்," என்றான். "ரெண்டு வாரத்துல பாரேன். நம்மால ஆன உதவி."

"உன் உதவியில இடி விழ."

"ஏன் பெரில், நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அவனிடம் என்னவென்று சொல்வது? "சாணம் நாறுது," என்று சொல்லிவிட்டு நடந்தேன். மத்தியானம் அவன் கொட்டகைக்குத் தேநீர் குடிக்கவும் போகவில்லை.

தண்டு வந்தது. நான்கே நான்கு, பென்சில் கனம்கூட இல்லை. நுனியில் மஞ்சளாகச் சுருங்கிய இலை. போன வருஷம் கட்டைவிரல் கனத்தில் வந்த கிழங்கு, இப்போது வழித்துத் துடைத்துக் கொடுத்திருந்தது. ஹெட்லி மண்டியிட்டு, ஒவ்வொன்றையும் அடியில் பிடித்துத் திருகி இழுத்தான். நான்கும் கையில் வந்ததும் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான். "வா பெரில், அவ சாப்பிடறதை நீயும் பார்க்கணும்," என்றான். கையைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னால் வீட்டுக்குப் போனேன்.

நான் நோரீனின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் கனமில்லை. ஹெட்லி கிண்ணத்தோடு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். சட்டைகூட மாற்றவில்லை, முழங்காலில் சாணம். கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து நீட்டினான். அவள் வாயைத் திறந்தாள். அது உள்ளே போனதும் அவள் கழுத்து நரம்பு முழுக்கப் புடைத்தது.

"நல்லா இருக்கு ஹெட்லி," என்றாள்.

"இன்னொரு வாய், கண்ணு?"

"இன்னொரு வாய்."

அந்த இரண்டாவது கரண்டியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதலாவது போதும், யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் கண் நிறைந்துவிட்டது. "மிச்சத்தை நாளைக்கு வெச்சுக்கலாம்," என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டு, பாட்டு மாதிரி எதையோ முனகும் சத்தம் கேட்டது. இங்கே நான் அவள் வாயருகே பிடித்த துவாலையில் நோரீன் அத்தனையையும் சத்தமில்லாமல் வழியவிட்டாள். துவாலையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"கிழங்கு?" என்று கேட்டாள். குரல் வரவில்லை, உதடு மட்டும்தான்.

"நல்லா இருக்கு. கல்லு மாதிரி இருக்கு," என்றேன். அந்த வீட்டுக்குள் போனால் எல்லோருக்கும் பொய் தொற்றிக்கொள்கிறது.

கிண்ணத்தில் மிச்சம் வைத்தது பிரிட்ஜில் இருக்கும்போதே நோரீன் போய்விட்டாள்.

மார்ச்சில் வெயில் என்று சொல்லிக்கொள்ள ஒன்று வந்தது. முதுகுவலிக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, குளிர் முழுக்க நாங்கள் கட்டிக் காத்த வலைகளைக் குறை சொன்னார்கள். ஒரு காலையில் ஹெட்லியும் வந்தான். சவ அடக்கத்துக்குப் பிறகு அன்றுதான் வருகிறான். சாணத்தை ஒதுக்கி, குழாயை ஆட்டித் தூக்கி ஓரமாக வைத்தான். எல்லோருடைய ரூபார்பும் சிவப்பு மொட்டு விட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நான் வேலியோரம் போய் நின்றேன். அவன் குனிந்து கிழங்கை ஒரு விரலால் தொட்டான். விரல் உள்ளே போய்விட்டது. அழுகிய வாடை எனக்கே எட்டியது.

விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு வாய் சாப்பிட்டா. நீ பார்த்தே."

"பார்த்தேன்."

"நல்லா இருக்குன்னு சொன்னா."

"சொன்னா."

"போன வருஷம் நவம்பர்லயே மூடினேன் பெரில். ஜனவரியில சாப்பிட்டா, பிழைச்சுக்கிட்டா. இந்தத் தடவையும் நவம்பர்ல வந்தேன். இதே இடத்துல குழாயோட நின்னேன். ஓய்வு வருஷம், கிழங்கு செத்துடும், ராயிஸ்டன் என்ன சொல்லுவான், நீ என்ன சொல்லுவேன்னு யோசிச்சேன். திரும்பிப் போயிட்டேன்." கிழங்கு கிடந்த இடத்தைக் காட்டினான். "அவளுக்குப் போயிருக்க வேண்டிய மாசத்தை இதுக்குக் குடுத்துட்டேன். கடைசியில இதுவும் இல்லை."

என் நாக்கு நுனியில் அது வந்து நின்றது. மடையா, போன வருஷமும் அவளுக்கு அது துருதான், நீ எந்த மாசம் மூடியிருந்தாலும் ஒன்றுதான், உன்மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னால் அவன் தலையிலிருந்து பாரம் இறங்கும். கூடவே அவள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்ட அந்தக் குளிர்காலமும் போய்விடும். எதை எடுத்தாலும் அவனுக்கு நஷ்டம். நோரீன்மேல்கூட எனக்கு அப்போது கோபம் வந்தது. இந்தச் சுமையை என் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டாளே என்று இருந்தது.

"நீ எப்ப மூடியிருந்தாலும் அவ போயிருப்பா ஹெட்லி," என்று மட்டும் சொன்னேன்.

"போன வருஷமும் டாக்டர் இதையேதான் சொன்னாரு," என்றான்.

பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. என் துண்டுக்குப் போனேன். என்னுடைய ரூபார்ப் கிழங்கை மண்வெட்டியால் நடுவில் ஓங்கிப் பிளந்தேன். நல்ல மொட்டுகளோடு இருந்த பெரிய பாதியைத் தோண்டி எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவன் வேலியைத் தாண்டினேன். கேட்காமல் அடுத்தவர் துண்டில் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

"இந்தா. மண்ணை மாத்திட்டு இதை நடு. ரெண்டு வருஷம் தொடாதே. மூணாவது வருஷம் மூடலாம், கட்டைவிரல் தண்டியா வரும்."

அவன் கிழங்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"யாருக்கு?" என்று கேட்டான்.

குத்தலாகக் கேட்கவில்லை. பேருந்தில் ஏறுகிறவரிடம் எங்கே போகணும் என்று கேட்பது மாதிரி, பதில் தெரிந்தால் டிக்கெட் கிழிக்கலாம் என்பது மாதிரிக் கேட்டான். கிழங்கிலிருந்து மண் உதிர்ந்து என் காலணிமேல் விழுந்துகொண்டிருந்தது. நான் சொல்வேன் என்று அவன் காத்துக்கொண்டு நின்றான்.